நல்லா இருக்கேனுங்க

என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் மாமனாருக்கு இதயத் தசையில் அழற்சி என்று சொல்லி, போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டார். மனுஷர் படுக்கையில் பாதி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேனுங்க" என்றார். உதடு நீலம் பூத்திருந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பகீரென்றது. மூன்று வருஷத்துக்கு முன் அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே நான் சாகப் பார்த்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தெரியாது. பொய் சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லத் தெரியும்.

என் பெயர் தனலட்சுமி. வீடு மதுக்கரை. வீட்டுக்காரர் சண்முகம் அங்கே சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். நான் கோயமுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வீட்டுச் சண்டை, தலைவலி, மாமியார் எல்லாம் வெளியே. உள்ளே ஒரே குரல்தான்: "சொல்லுங்க, எந்த ஊருங்க?" எதிர்முனையில் ஆள் கத்தினாலும் நம் குரல் ஏறக்கூடாது. பதினோரு வருஷம் அப்படிப் பேசியவளுக்கு முகமும் அதற்கேற்றபடி பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் எனக்கு எமனாக வந்தது.

ஆடி மாசம் ஆரம்பத்தில் ஒரு காய்ச்சல். ஊரெல்லாம் காய்ச்சல்தான், அதனால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நாலு நாளில் விட்டது. பத்து நாள் கழித்து எக்ஸ்சேஞ்ச் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டியது. பாதிப் படியில் நின்று, சேலை மடிப்பைச் சரி செய்வது போல நடித்தேன். மறுநாள் நெஞ்சுக்கு நடுவில் ஒரு அழுத்தம். அதற்கு மறுநாள் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள் படபடவென்று அடித்து, கண்ணுக்கு முன்னால் விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா என் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனாச்சு தனம்? மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடல."

இட்லி நாலு சாப்பிட்டிருந்தேன்.

அவள் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரிய ஆஸ்பத்திரி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிற இடம். பெயர் எதற்கு, நன்றாகத்தான் பார்த்தார்கள். வெளியே நீள பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆலையிலிருந்து என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இருட்டறையில் நெஞ்சின் மேல் பசை தடவி எக்கோ பார்த்தார்கள். டி.வி. திரையில் என் இதயம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் "ம்" என்றார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்". அந்த இரண்டாவது "ம்"முக்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை.

இதய வைத்தியர் ஐம்பது வயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். காய்ச்சல் கிருமி போய்விட்டது, ஆனால் அது இதயத் தசையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் தசை வீங்கிப் புண்பட்டிருக்கிறது. மயோகார்டைட்டிஸ் என்று பெயர். ரத்தக் குழாய் அடைப்பு இல்லை, மாரடைப்பு இல்லை. ஆனால் தசை சோர்ந்துபோனதால் பம்ப் செய்வது குறைந்திருக்கிறது. அதைவிட முக்கியம், துடிப்பு ஒழுங்காக இல்லை. இதயத்துக்குத் துடிக்கச் சொல்லி உத்தரவு மேல் அறையிலிருந்து வரவேண்டும். புண்பட்ட தசை, கீழ் அறையிலிருந்து தானாகவே உத்தரவு போடுகிறது.

"கிராஸ் டாக் மாதிரிங்களா?" என்றேன். ஒரு லைனில் பேசும்போது வேறு லைன் குறுக்கே விழுமே, அது.

டாக்டர் சிரித்தார். "அப்படியே வச்சுக்குங்க. ஒண்ணு ரெண்டு விழுந்தாப் பரவாயில்லீங்க. தொடர்ந்து விழுந்துட்டே இருந்தா ரத்தம் மூளைக்குப் போகாது. மயக்கம் வரும். நிக்காமப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அதனால எந்திரிக்கவே கூடாதுங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

"அது உங்க இதயம் சொல்லோணும்."

நான் நாள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆவணியில் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணம். தாராபுரத்தில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. தள்ளிப்போட முடியாது. அடுத்து புரட்டாசி, அதற்கப்புறம் பொண்ணு வீட்டில் வேறு ஏதேதோ கணக்கு. எங்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். சடங்கு நடத்துகிற பெரியவர், அருமைக்காரர் என்போம், சீர் செய்து வைப்பார். உடன்பிறந்தவள் இப்படி நிற்காமல் மாப்பிள்ளை மணவறைக்குப் போகமாட்டான்.

செந்திலுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அப்பா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினெட்டு. அவனைப் படிக்க வைத்தது, பெண் பார்த்தது எல்லாம் நான். அந்தச் சேலை முனையைப் பிடிக்க இருபது வருஷமாகக் காத்திருந்தவள் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் பதிமூன்று வருஷம்தான் வரும், ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

முதல் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நெஞ்சில் ஒட்டிய வயர்கள், வலது கையில் சொட்டு மருந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், விரலில் ஒரு கிளிப். ஒழுங்கற்ற துடிப்பை அடக்க லிக்னோகெய்ன் என்று ஒரு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதே மருந்துதான். உதடு மரத்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. திரும்பிப் படுத்தால் வயர் இழுக்கும், மெஷின் கத்தும், சிஸ்டர் ஓடி வருவார். எனவே மல்லாக்கப் படுத்தபடியே கிடந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது ஒரு தண்ணீர் டேங்கின் கீழ்ப்பாதி. அதில் கசிவு இருந்தது. ஆறு நாளும் அந்தக் கசிவையே பார்த்தேன். ஒன்றுக்குப் போவதற்கும் கட்டிலிலேயே தட்டு வைத்தார்கள். முதல் நாள் அழுதுவிட்டேன். நெஞ்சு வலிக்காக வந்த அழுகை இல்லை, அந்தத் தட்டுக்காக.

நாளெல்லாம் வயரைச் சொருகிப் பிடுங்கி ஊரை ஊரோடு இணைத்தவளை, ஒரு கட்டிலோடு வயர் போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். எல்லாரும் அன்பானவர்கள், யார் மேல் கோபப்படுவது? அதுதான் பெரிய கஷ்டம். ஜெயிலில் இருப்பவனாவது வார்டனைத் திட்டலாம்.

வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து தினமும் வருவார். ஐந்து நிமிஷம்தான் விடுவார்கள். பேசத் தெரியாத மனுஷர். ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பார், எர்த் சரியாக இருக்கிறதா என்று பிளக்கைக் குனிந்து பார்ப்பார், பிறகு என் கால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்துவிடுவார். "பாப்பா ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறா" என்பார். அவ்வளவுதான். அந்தச் சொடக்குக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

அங்கேதான் ஜெபராஜ் வந்தான். சத்தியமங்கலத்துப் பையன், டாக்டர் பட்டத்துக்கு மேலே படித்துக்கொண்டிருந்தான். அவன் ஆராய்ச்சிக்கு என் ரத்தம் வேண்டுமாம். கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

"ஏற்கெனவே வேண்டிய மட்டும் எடுத்தாச்சேப்பா. இன்னும் எதுக்கு?"

"அது வேறங்க்கா. உடம்புல புண்ணு ஆகுற எடத்துல சண்டை போடுற அணுக்கள் இருக்குது பாருங்க, அதுக ஆக்ஸிஜனை வச்சு ஒரு மாதிரி காரமான துணுக்குகளை உண்டாக்கும். கிருமியைச் சுடத்தான். ஆனா பக்கத்துல இருக்குற நல்ல தசையையும் சுட்டுப்போடும். அந்தத் தசையோட ஓரத்துல கொழுப்பு இருக்குது. அது கெட்டுப்போனா என்ன மிச்சம் வருதுன்னு அளக்கறேனுங்க."

"கடலெண்ணெய் நாள்பட்டாக் காறிப்போகுமே, அப்படியா?"

அவன் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். "அதேதானுங்க்கா! எங்க சாருக்கு இதைப் புரிய வைக்கறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

ஒரு மருந்தைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ரத்தநீர் ரோஸ் நிறமாக மாறுமாம். காறல் எவ்வளவு எச்சாக இருக்கிறதோ அவ்வளவு ரோஸ். அந்த நிறத்துக்கும் துடிப்புக் கோளாறுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் அவன் கேள்வி. மூன்று நாளைக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பான், கூடவே ஒரு நோட்டில் எழுதுவான்: படபடப்பு எத்தனை தடவை, தலைசுற்றல் எத்தனை தடவை. எனக்கு என்ன நிறம் வந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் எச்சாத்தானுங்க்கா இருக்குது. ஆனா அதை வச்சு வைத்தியம் பண்ற அளவுக்கு இன்னும் யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவன்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

ஏழாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். சொட்டு மருந்து, வயர்கள், மெஷின் எல்லாம் போயின. பாத்ரூம் வரைக்கும் மெதுவாக நடக்கலாம். டாக்டர் வந்து, "எப்படி இருக்கீங்க? படபடப்பு வருதா?" என்றார்.

"நல்லா இருக்கேனுங்க."

அன்றைக்கு அது பாதி உண்மை. டாக்டர், "இப்படியே இருந்தா அடுத்த வாரம் ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார். கல்யாணத்துக்கு அப்போது பதினேழு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே பாத்ரூமிலிருந்து திரும்பும்போது படபடவென்று வந்தது. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் தூரத்திலிருந்து, "என்னங்கம்மா?" என்றார். "ஒண்ணுமில்லீங், செருப்பு மாட்டறேன்" என்றேன். செருப்பே இல்லை காலில்.

சொன்னால் மறுபடி அந்தக் கம்பிக் கட்டில், தட்டு, தண்ணீர் டேங்க். சொல்லாவிட்டால் தாராபுரம். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மனுஷருக்கு டாக்டர் முகத்துக்கு நேராக "சரியாகலீங்க" என்று சொல்ல வாய் வராது. அவர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார், மருந்து கேட்கவில்லை என்றால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடாதா? விருந்துக்குப் போன இடத்தில் குழம்பில் உப்பில்லை என்று யாராவது சொல்வோமா? "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம். நானும் அப்படியே இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயாலேயே பிழைப்பு நடத்தும் நான், அதை இறுக்க மூடிக்கொண்டேன். டாக்டரிடம் நல்லா இருக்கேனுங்க. சிஸ்டரிடம் நல்லா இருக்கேனுங்க. ஜெபராஜின் நோட்டில் படபடப்பு: இல்லை, தலைசுற்றல்: இல்லை. வீட்டுக்காரரிடம்கூட. அவர் என் காலைப் பிடித்தபடி, "ஏம்புள்ள, காலு சில்லுன்னு கெடக்குது?" என்றார். "ஃபேன் காத்து" என்றேன். எழுந்து போய் ஃபேனைக் குறைத்தார். ஒவ்வொரு முறை அது வரும்போதும் உள்ளுக்குள் கிடந்து தவித்தேன். கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும் போல இருக்கும், பக்கத்திலேயே சிஸ்டர் இருப்பார், கூப்பிட முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வயர் போட்டுக் கட்டியிருந்தபோதுகூட அவ்வளவு மாட்டிக்கொண்டதாக உணரவில்லை.

ஒரு நாள் ஜெபராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "அக்கா, உங்களது மட்டும் எனக்குப் புடிபடலீங்க. மத்தவிய எல்லாருக்கும் கொறைஞ்சுட்டே வருது. உங்களுக்கு இந்தத் தடவை முன்னைவிட ரோஸா இருக்குது. ஆனா உங்களுக்குப் படபடப்பே இல்லைங்கறீங்க. நான்தான் டெஸ்ட்டைக் கெடுத்துப்போட்டேன் போல. உங்க ரிசல்ட்டை எடுத்துப்போடலாமான்னு சார்கிட்ட கேக்கோணும்."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டாக்டர் வந்து வெகுநேரம் என் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஊட்டுக்கு அனுப்பறதுக்கு முந்தி ஒரு டெஸ்ட் பாத்துருவோமுங்க. இருபத்துநாலு மணி நேரம் துடிப்பைப் பதிவு பண்ற மெஷின்."

"அந்த ரோஸ் கலருக்காகங்களா?"

"அதை நம்பி நான் எதுவும் பண்றதில்லீங்க. நீங்க குத்தமே சொல்றதில்ல பாருங்க, அதுக்காக. இந்த மாதிரி இதயத்தோட வந்தவங்க தூக்கம் வரலீன்னாவது சொல்லுவாங்க."

ஹோல்டர் என்றார்கள். பாட்டுக் கேட்கிற வாக்மேனைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, உள்ளே கேசட். இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டி, நெஞ்சில் ஐந்து வயர் ஒட்டினார்கள். குளிக்கக்கூடாது. கூடவே ஒரு தாள்: எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று எழுத வேண்டும். படிக்கும்போது பரீட்சையில் காப்பியடிக்காதவள் நான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதை எழுதினால் பாஸாகலாம் என்றுதான் யோசித்தேன். கேசட்டுக்கும் காது உண்டு என்பது, பதினோரு வருஷம் ஹெட்போன் மாட்டியவளுக்கு உறைக்கவில்லை. எட்டு மணி, இட்லி, நன்றாக இருக்கிறேன். பத்து மணி, படுத்திருந்தேன், நன்றாக இருக்கிறேன்.

சாயங்காலம் செந்தில் வந்தான். கூறைச்சேலை எடுத்தாகிவிட்டது என்று பையிலிருந்து பிரித்துக் காட்டினான். அரக்குக் கரை.

"நீதான் புடிக்கப்போறே, உனக்குப் புடிச்சிருக்கோணுமல்லோ."

"இப்படிக் குடு பாக்கலாம்" என்று எழுந்து நின்றேன். ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில். பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் படபடப்பு வந்தது. இதுவரை வந்தது போல இல்லை. நெஞ்சுக்குள் துடிப்பு என்றே ஒன்று இல்லாமல் ஒரு நடுக்கம் மட்டும். செந்திலின் முகம் தூரத்தில் போனது. சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் விழாமல் நின்றது அந்தச் சேலையால்தான், அவன் மறுமுனையை விட்டிருந்தால் விழுந்திருப்பேன். அப்புறம் ஒரு பெரிய அடி, இதயம் திரும்பவும் ஓட ஆரம்பித்தது.

"ஏங்க்கா, ஒரு மாதிரி பாக்கறே?"

"கரை அழகா இருக்குடா" என்று உட்கார்ந்தேன். அவன் போனபின் தாளில் எழுதினேன்: ஆறு பத்து. தம்பி கூறைச்சேலை காட்டினான். நன்றாக இருந்தது.

கேசட்டை மெஷினில் போட்டுப் பார்க்க இரண்டு நாள் ஆனது. டாக்டர் கையில் நீளமான தாளோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தாளில் என் துடிப்பு வரிசையாகக் கோடு கோடாக ஓடியது. ஓர் இடத்தில் மட்டும் அகலமான, கோணல்மாணலான கோடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. மேலே நேரம்: ஆறு பத்து. அவர் நான் எழுதிய தாளை எடுத்துப் படித்தார்.

"சேலை நல்லா இருந்துச்சு, சரிங்க. நீங்க எப்படி இருந்தீங்க?"

நான் அந்தக் கோணல் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இது இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா உங்க தம்பி கையில நீங்க சேலையைக் குடுத்துட்டுப் போயிருப்பீங்க. இதே மாதிரி சின்னச் சின்னதா இன்னும் ஒம்பது எடத்துல இருக்குது. ஒம்பது எடத்துலயும் நன்றாக இருக்கிறேன்னு எழுதியிருக்கீங்க." குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்கு மரியாதை குடுத்தது போதுமுங்க. எனக்கு வேணுங்கறது நெசம். உங்களை ஊட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டு வச்சிருந்தேன், தெரியுங்களா?"

சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பு, ஃபேன், இட்லி உட்பட. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன், அதைத் துண்டு துண்டாக எடுத்து வைத்தது போலிருந்தது. வீட்டுக்காரர் கட்டில் ஓரம் நின்றிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஃபேன் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கம்பிக் கட்டில், மறுபடி தண்ணீர் டேங்க். அமியோடரோன் என்ற மருந்தை முதலில் ஊசியிலும் பிறகு மாத்திரையிலும் கொடுத்தார்கள். தப்பான உத்தரவுகளைத் தசை கேட்காமலிருக்கச் செய்யும் மருந்து. ஜெபராஜ் வந்து நோட்டில் "இல்லை" என்று எழுதிய இடங்களை எல்லாம் அடித்துத் திருத்தினான். அவன் டெஸ்ட் கெட்டுப்போகவில்லை என்ற சந்தோஷத்தை, பாவம், மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. "அப்ப என் ரத்தம் நெசம் சொல்லிச்சா?" என்றேன். "ஒரு ஆளை வச்சு அப்படிச் சொல்லக்கூடாதுங்க்கா" என்றான் உடனே. அவனுடைய ஆய்வில் பதினோராம் நோயாளி நான். அந்த ரோஸ் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்கு யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

செந்திலிடம் நானே சொன்னேன். இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் சரோஜா நிற்கட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வயிறு எரிந்தது. சரோஜா நல்லவள்தான், அவள் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் எதிரில் வந்திருந்தால் நன்றாகப் பேசியிருக்கமாட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வார்டுக்கு மாற்றினார்கள். மெஷின் இல்லை. டாக்டரோடு ஒப்பந்தம் ஒன்றுதான்: படபடப்பு வந்தால் அந்த நொடியே சத்தம் போட வேண்டும், யார் இருந்தாலும், என்ன பேசிக்கொண்டிருந்தாலும்.

ஸ்டெல்லா பார்க்க வந்தபோது அவளுக்குத்தான் அந்த யோசனை. மண்டபத்து ஆபீஸ் ரூமில் போன் இருக்கிறது. வார்டில் சிஸ்டர் மேஜையில் போன் இருக்கிறது. நடுவில் அன்றைக்கு டியூட்டியில் அவள் இருப்பாள். "லைன் கட்டாகாம நான் பாத்துக்கறேன் தனம். நீ காதை மட்டும் குடு." டாக்டர் ஐந்து நிமிஷத்துக்குச் சம்மதித்தார். சிஸ்டர் மேஜையிலிருந்து என் கட்டிலுக்கு வயர் எட்டவில்லை. என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் டூல்ஸ் பையோடு வந்து, பேசாமல் உட்கார்ந்து, வயரை நீட்டிச் சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "டோன் வருது" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக அழகான வார்த்தை அதுதான்.

முகூர்த்த நாள் விடிகாலையில் மணி அடித்தது. ஸ்டெல்லாவின் குரல், அதே எக்ஸ்சேஞ்ச் குரல்: "தாராபுரம் லைன்ல இருக்காங்க, பேசுங்க." அப்புறம் சத்தங்கள். நாதஸ்வரம், பாத்திரம் உருளும் சத்தம், "சேலையை இக்கட்ட கொண்டா" என்று யாரோ. ரிசீவரை யாரோ வாசல் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். அருமைக்காரர் ஏதோ சொல்வது விட்டுவிட்டுக் கேட்டது. சரோஜா இப்போது முனையைப் பிடித்திருப்பாள். என் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்தது, நான் கவனிக்கவில்லை, சிஸ்டர்தான் பிறகு சொன்னார்.

திடீரென்று செந்திலின் குரல் பக்கத்தில். மணவறைக்குப் போகுமுன் ஓடி வந்திருக்கிறான்.

"அக்கா! எப்படி இருக்கே?"

அவனைச் சுற்றி அம்மா, மாமன்மார், பெண் வீட்டார். தாலி கட்டப் போகும் பிள்ளையிடம் யாராவது கெட்ட சேதி சொல்வார்களா? நல்லா இருக்கேன்டா என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்குள் அது சிறகடிக்க ஆரம்பித்தது.

"நல்லா இல்லடா கண்ணு" என்றேன். "இப்பத்தான் படபடன்னு வருது. நான் சிஸ்டரைக் கூப்பிடோணும். நீ போயித் தாலி கட்டு."

அழுவான் என்று நினைத்தேன்.

"சரிக்கா. கூப்புடு" என்றான். "நீ கூப்புடற சத்தம் என்ற காதுல உழுந்தாத்தான் நான் இங்கிருந்து போவேன்."

ரிசீவரை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வார்டு முழுக்க எழுந்து உட்காரும்படி, தாராபுரம் மண்டபத்துக்கே கேட்கும்படி, கத்தினேன்.

"ஏனுங் சிஸ்டர்! இங்க வாங்க! எனக்கு நல்லா இல்லீங்க!"